பிள்ளையின் அளவுக்கு ஒரு துப்பாக்கி

சுவிட்சர்லாந்தில் ஒரு பிள்ளை முதன்முதலில் தோளில் வைக்கும் துப்பாக்கி பெரும்பாலும் அந்தப் பிள்ளையுடையதாக இருப்பதில்லை. அது ஊர்க் கழகத்தின் சொத்து. பயிற்சியாளர் இரும்பு அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். பயிற்சி முடிந்ததும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவார். 1824-இல் ஆராவ் நகரில் தொடங்கிய சுவிஸ் துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சங்கத்தின் கீழ் இத்தகைய கழகங்கள் நாடெங்கும் கிராமம் கிராமமாக இயங்குகின்றன. குளிர்காலத்தில் உள்ளரங்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி, கோடையில் திறந்தவெளியில் 50 மீட்டர் சிறுகாலிபர் துப்பாக்கி என்பது பல கழகங்களின் வழக்கம். நீட்வால்டன் கன்டோனின் (மாநிலத்தின்) நீனா கிறிஸ்டன் 2021-இல் டோக்கியோவிலும், ஆர்கவ் கன்டோனின் கியாரா லியோனே 2024-இல் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது இந்த 50 மீட்டர் சிறுகாலிபரில்தான். முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டி அது.

சிறுகாலிபர் என்றால் .22 எல்.ஆர். தோட்டா. விட்டம் 5.6 மில்லிமீட்டர், ஈயக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால் தோள் வலிக்காது, பிள்ளை மிரளாது. 50 மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். சுவிஸ் இராணுவத்தின் ஸ்டுர்ம்கவேர் 90 துப்பாக்கியின் காலிபரும் 5.6 மில்லிமீட்டர் என்றே குறிப்பிடப்படுவதால் பெற்றோர் சிலர் இரண்டையும் ஒன்றென எண்ணிவிடுகிறார்கள். இராணுவத் தோட்டாவின் ஆற்றல் சிறுகாலிபர் தோட்டாவினுடையதைப் போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. சூரிச்சின் அல்பிஸ்கூட்லியில் செப்டம்பர்தோறும் நடக்கும் க்னாபன்ஷீசன் விழாவில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 300 மீட்டர் தூரத்துக்குச் சுடுவது அந்த இராணுவத் துப்பாக்கியால். 1991 முதல் பெண்பிள்ளைகளும் அதில் கலந்துகொள்கிறார்கள். அது வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பார். வாரந்தோறும் பழகப்போகும் பத்து வயதுப் பிள்ளைக்கான துப்பாக்கியை அந்த விழாவை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

முதல் துப்பாக்கியில் பார்க்க வேண்டியவற்றுள் முதலாவது நீளம். விசையிலிருந்து தோளில் பதியும் தட்டு வரை உள்ள தூரம்தான் கணக்கு. குழலின் நீளம் இரண்டாம்பட்சம். பெரியவருக்கான கட்டை பிள்ளைக்கு நீளமாக இருந்தால் முதலில் கெடுவது கழுத்து. பின்கட்டை தோளுக்கு வெளியே தள்ளி நிற்கும்; கன்னத்தைக் கட்டையில் வைக்கத் தலை முன்னே நீளும்; இடக்கை எட்டாமல் மடக்கு நிமிர்ந்துபோகும்; முழுப் பாரத்தையும் தசைதான் தாங்க வேண்டிவரும். பத்து நிமிடத்தில் பிள்ளை களைத்துவிடும். கைநடுக்கத்தைப் பிள்ளையின் பயம் என்று பெற்றோர் எண்ணுவார்கள். உண்மையில் அது கட்டையின் நீளம். அடுத்த வருடமும் போடலாம் என்று பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக எடுக்கும் நம் வழக்கம் இங்கே மட்டும் உதவாது. பெரிய சட்டைக்குள் உடம்பு வளரும். பெரிய துப்பாக்கியிலோ தவறான நிலைதான் உடம்பில் படியும். படிந்த நிலையைப் பதினைந்து வயதில் மாற்றப் பயிற்சியாளர் படும் பாடு பெரிது.

தோராயமாக அளக்க ஒரு வழி உண்டு. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பயிற்சியாளர் பார்த்து உறுதிசெய்த பிறகு, பிள்ளை முழங்கையைச் செங்கோணமாக மடக்க வேண்டும். தோள்தட்டை அந்த மடிப்பில் வைத்தால், சுட்டுவிரலின் முதல் கணுவின் சதை விசைமேல் இயல்பாக அமர வேண்டும். விரல் எட்டாவிட்டால் கட்டை நீளம். விசையைத் தாண்டிப் போனால் குட்டை. இது முதல் சல்லடை மட்டுமே. பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்க்கச் சொல்வது இதைவிட நம்பகமான சோதனை. பிறகு கண்ணைத் திறந்தால், தலையை அசைக்காமலேயே டியோப்டர் எனப்படும் பின்குறித் துளையின் நடுவில் முன்குறி வளையம் தெரிய வேண்டும். தலையை அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் கன்னத்தாங்கி உயரமாக இருக்கிறது. கன்னத்தைத் தூக்கினால்தான் தெரிகிறது என்றால் தாழ்வாக இருக்கிறது. துளை நிழலாகவோ சிறிதாகவோ தெரிந்தால் பின்குறியை முன்னே பின்னே நகர்த்த வேண்டும். சோதனையை மூன்று நான்கு முறை செய்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கண் வந்து நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஆகவே இளையோர் துப்பாக்கியில் தேட வேண்டிய குணம், திருகி நகர்த்தக்கூடிய பாகங்கள். தோள்தட்டு மேலும் கீழும் பின்னுமாக நகர வேண்டும். கன்னத்தாங்கி உயர வேண்டும். விசையும் சிறிது முன்னே பின்னே போக வேண்டும். கைப்பிடி பிள்ளையின் உள்ளங்கைக்கு ஒடுங்கியதாக இருக்க வேண்டும். பருவமடைவதற்கு முந்தைய வருடங்களில் பிள்ளை வருடத்துக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். பருவ வயதில் அதைவிட வேகமாக வளரும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை அளவைச் சரிபார்க்காமல் விட்டால், இளவேனிலில் பொருந்திய துப்பாக்கி இலையுதிர்காலத்தில் பொருந்தாது. கழகத் துப்பாக்கி ஒன்றை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். தோள்தட்டின் அளவுகோடு எங்கே நின்றது, கன்னத்தாங்கி எத்தனை மில்லிமீட்டர், டியோப்டர் எத்தனை கிளிக் என்று எழுதிவைத்து, சுடத் தொடங்குமுன் பிள்ளை தானே திருகாணியை முடுக்கிக்கொள்ளும். தன் உடம்பின் அளவைத் தானே அறிந்து வைத்திருக்கும் பிள்ளை, பொருத்தம் கெட்டதையும் மற்றவர்களுக்கு முன்னே அறிந்துகொள்ளும்.

கண்ணைப் பற்றி முதல் நாளே கேட்க வேண்டும். எழுதுவது வலக்கையால், ஆனால் ஆதிக்கக் கண் இடக்கண் என்று அமைந்த பிள்ளைகள் பலர். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு துளை விட்டு, அதன் வழியே எட்ட உள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள் நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். கையும் கண்ணும் எதிரெதிராக இருந்தால் கண்ணின் பக்கமே துப்பாக்கியை மாற்றுவது பிஞ்சு வயதில் எளிது. அது முடியாதபோது, மற்றக் கண்ணுக்கு முன் பால்நிறத் தகடு ஒன்றைக் குறிக்கருவியில் பொருத்துவார்கள். ஒரு கண்ணை இறுக மூடி முகத்தைச் சுருக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். இடக்கைப் பிள்ளைக்கு இருபுறமும் பொருந்தும் கட்டை கொண்ட இளையோர் துப்பாக்கிகள் கிடைக்கின்றன. வலக்கைக் கட்டையை இடத்தோளில் வைத்துச் சமாளிக்கச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

எடை அடுத்த விஷயம். போட்டி விதிப்படி காற்றுத் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். இளையோருக்கான வகைகள் 3 முதல் 4 கிலோ. 30 கிலோ எடையுள்ள பிள்ளையின் கையில் 5 கிலோ துப்பாக்கியைக் கொடுத்தால், தன் எடையில் ஆறில் ஒரு பங்கை அது நின்றபடி ஏந்த வேண்டும். நின்று சுடும்போது முதுகு பின்னுக்கும் பக்கத்துக்குமாக வளைகிறது. வளரும் முதுகெலும்புக்கு அந்தச் சுமையை வாரந்தோறும் ஏற்றுவது நல்லதல்ல. சிறு பிள்ளைகளைத் தாங்கியின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுடப் பழக்குவதன் காரணம் இதுதான். தாங்கி எடையை ஏற்றுக்கொள்ளும். பிள்ளை மூச்சையும் குறியையும் விசையையும் கவனிக்கும். இது குறுக்குவழி என்று சில அப்பாமார் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் விசையை மெல்ல அழுத்தி, சுட்ட பிறகும் ஒரு கணம் அசையாமல் இருக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. முதுகும் வயிறும் வலுத்த பிறகு தாங்கியை எடுத்துவிடலாம்.

இயங்குமுறை எளிமையாக இருப்பது நல்லது. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டு, போல்ட்டை மூடிச் சுடும் ஒற்றைத் தோட்டா வகையே பிள்ளைக்கு ஏற்றது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் யோசிக்க நேரம் இருக்கிறது. துப்பாக்கி காலியா இல்லையா என்பது போல்ட்டைத் திறந்த கணமே எல்லோருக்கும் தெரியும். சுடாத நேரத்தில் அறைக்குள் செருகிவைக்கும் வண்ண நாடா அதைத் தூரத்திலிருந்தே காட்டும். மால்டர்ஸில் க்ரூனிக் அண்ட் எல்மிகர், பூட்ஷ்வில்லில் பிளைக்கர் ஆகிய சுவிஸ் நிறுவனங்கள் செய்யும் துப்பாக்கிகள் உலகத் தரமானவை. விலையும் பல ஆயிரம் ஃபிராங்க். தொடங்கும் பிள்ளைக்கு அவை தேவையே இல்லை.

.22 துப்பாக்கியின் வெடிப்பொலி மென்மையாகத் தோன்றினாலும் அதன் உச்சம் 140 டெசிபலை நெருங்கும். கூரையிட்ட சுடுதளத்தில் அந்த ஒலி எதிரொலிக்கும். காதுக்காப்பு பிள்ளையின் சிறு தலைக்குப் பொருந்தி, மூக்குக்கண்ணாடிக் காம்பினால் இடைவெளி விழாமல், கட்டையில் கன்னம் சாயும்போது நகராமல் இருக்க வேண்டும். ஈயத் தோட்டாவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே நொறுக்குத்தீனியைத் தொட வேண்டும்.

சட்டம் இந்தத் தேர்வை இன்னும் தெளிவாக்குகிறது. 1999-இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் ஆயுதச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் துப்பாக்கியை வாங்க முடியாது, இரவல் பெறலாம். இரவல் கேட்கும் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒழுங்காகப் பயிற்சி செய்வதைக் காட்டினால், கழகத்திடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ இரவல் பெற்று வைத்திருக்கலாம். அதை 30 நாட்களுக்குள் கன்டோன் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுத ஒழுங்குவிதியின் 12-ஆம் பிரிவு சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் மட்டுமல்லாமல், துப்பாக்கி சுடுவதையுமே தடைசெய்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. விளையாட்டு நிகழ்ச்சிகளில் பங்கேற்பவர்களுக்குக் கன்டோன் அதிகாரிகள் விதிவிலக்கு வழங்க இடமிருக்கிறது. பிள்ளை சுவிஸ் மண்ணில் பிறந்தது, வகுப்புத் தோழன் போகிறான் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. கையிலுள்ள பாஸ்போர்ட்தான் கணக்கு. குடியுரிமை இன்னும் கிடைக்காத குடும்பம், கழகத்தில் பெயர் கொடுக்குமுன் கன்டோன் காவல்துறையின் ஆயுத அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது அவசியம். பிள்ளை ஆசைப்பட்டுச் சேர்ந்த பிறகு திருப்பி அனுப்பப்படும் வலியை இந்த ஒரு கடிதம் தவிர்க்கும்.

பெற்றோரின் மனத் தடையையும் மதிக்க வேண்டும். இலங்கையின் போர்க்காலத்தில் பிள்ளைகள் கையில் ஆயுதம் திணிக்கப்பட்டதைக் கண்டு, அதிலிருந்து தப்பி இங்கே வந்த ஒரு தாய், தன் மகள் துப்பாக்கி ஏந்துவதைப் பார்க்க மாட்டேன் என்றால் அதற்குப் பதில் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சம்மதிக்கும் பெற்றோரும் துப்பாக்கி வீட்டுக்கு வராது என்ற ஏற்பாட்டோடு சம்மதிப்பதே சரி. 2003-இல் சுவிஸ் இராணுவம் பாதியாகக் குறைக்கப்பட்டபோது வீடுகளில் இருந்த இராணுவத் துப்பாக்கிகளும் குறைந்தன. அதன்பின் 18 முதல் 43 வயது ஆண்களிடையே தற்கொலை குறைந்ததை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வளரிளம் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை மறந்துவிட முடியாது. துப்பாக்கி வீட்டில் இருந்தே ஆக வேண்டுமென்றால் அது பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி பெரியவரிடம் என்று இருக்க வேண்டும். மற்றவர் கைக்கு எட்டாமல் பாதுகாப்பது சட்டப்படியும் உரிமையாளரின் கடமை.

பிள்ளைக்கு இந்த விளையாட்டில் ஆர்வம் வந்துவிட்டால், ஒரு மாலை கழகத்துக்குக் கூட்டிப்போய் அங்குள்ள துப்பாக்கிகளில் எது அதன் தோளுக்கும் கண்ணுக்கும் பொருந்துகிறது என்று பயிற்சியாளரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே பொருந்தாவிட்டால் ஒரு வருடம் காத்திருங்கள். பத்து வயதில் தொடங்காத பிள்ளை பதினொன்றில் தொடங்கினால் எதுவும் குறைந்துவிடாது. முதல் இரண்டு வருடங்களில் பெற்றோர் காசு கொடுத்து வாங்க வேண்டியவை நல்ல காதுக்காப்பு ஒன்றும், ஒரு குறிப்பேடும், பழையதாகக் கிடைத்தால் அளவான சுடுஜாக்கெட் ஒன்றும்தான்.