கலப்பையில் வைத்த கை



கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்ப்பவனைக் குறித்து ஆண்டவர் கூறியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கும்போதெல்லாம், நம் மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு என் நினைவுக்கு வருகிறது. மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் துணைவியார் மருத்துவர் லலிதாவும் 1993-ஆம் ஆண்டில் அங்கு வந்து, மலைவாழ் மக்களிடையே ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினர். அந்நாளில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. அவ்விருவரும் வெளியூரிலிருந்து செவிலியரைத் தேடவில்லை. மலைப் பெண்களுக்கே பயிற்சி அளித்தனர். குடிசை மருத்துவமனையாயிற்று, சிசு மரணமும் பன்மடங்கு குறைந்தது. அவர்கள் சில ஆண்டுச் சேவைக்கென வந்தவர்கள் அல்லர், அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களுடைய சமய நம்பிக்கையை ஆராய்வது என் வேலையன்று.

நானோ, முன்பு ஒரு பங்கில், மாற்றல் கடிதம் எப்பொழுது வரும் என்று எதிர்பார்த்து, ஈராண்டுகள் புத்தகப் பெட்டியைப் பிரிக்காமலே இருந்தேன். திருப்பலி தவறவில்லை, பங்குக் கணக்கும் ஒழுங்காகவே இருந்தது. ஆயினும் அவ்வூர்ப் பிள்ளைகளின் பெயர்கள் எனக்குத் தெரியாமலே போயின. ஞாயிறு மட்டும் கோயிலுக்கு வந்து, மற்ற ஆறு நாளும் நெஞ்சைத் தம்மிடமே வைத்துக்கொள்வோரை நான் கண்டித்துப் பிரசங்கித்த காலமும் அதுவே.