எஞ்சின்களுக்கு மட்டும் இடம் கிடைத்தது

புகையிரத நூதனசாலையை மருதானையிலிருந்து கடுகண்ணாவைக்குக் கொண்டுவந்ததை இன்னமும் சாதனை என்றே சொல்லித் திரிகிறார்கள். கண்டி மாவட்டத்துக்குக் கிடைத்த பரிசாம். வத்தேகமவில் மாத்தளை ரயிலுக்குக் காத்து நிற்கும் நாமும் கைதட்ட வேண்டுமாம். எம்மால் முடியவில்லை.

இந்நாட்டு ரயிலின் பழைய வேலைத்தளம் இருந்தது மருதானையில். அது இரத்மலானைக்குப் போன பின்னும் பழைய கொழும்பு டெர்மினஸ் கட்டடம் அங்கே நின்றது. 2009இல் அதற்குள் நூதனசாலையைத் திறந்தார்கள். 2014 டிசம்பரில், ரயிலின் 150ஆவது வருடக் கொண்டாட்டத்தோடு, மூட்டை கட்டி மலையேற்றிவிட்டார்கள். பட்டறைக்காரர்கள் வேர்வை சிந்திய மண்ணில் அவர்கள் கதையைச் சொல்ல ஐந்து வருடத்துக்கு மேல் பொறுமை இருக்கவில்லை.

சரி, வந்ததுதான் வந்தார்கள், இந்த மலையின் கதையையாவது மதித்தார்களா? கோப்பித் தோட்டத் துரைமார் கேட்டு வாங்கிய பாதை இது. 1867இல் கண்டிக்கு ரயில் வருவதற்குமுன் இந்தச் சரிவில் பாறை உடைத்தவர்களிலும் சுரங்கம் குடைந்தவர்களிலும் கடல் கடந்து வந்த நம்மவர் இருந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் பலர். கண்டி வீதியைப் போட்ட கப்டன் டோசனுக்கு அதே கடுகண்ணாவையில் 1832இலேயே தூபி எழும்பிவிட்டது. எஞ்சினியருக்குத் தூபி, எஞ்சினுக்குக் கூரை. தண்டவாளத்துக்கு மண் சுமந்தவனுக்கு அந்த மலையில் ஒரு தூபியும் எழும்பவில்லை. பேர்ப் பட்டியல் இல்லை என்று சாக்குச் சொல்வார்கள். பேர் தெரியாத போர்வீரனுக்கு உலகமெங்கும் கல் நாட்டவில்லையா?

தீர்மானிக்கும் நாற்காலிகளின் சரித்திரமே இப்படித்தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன சின்ன ரயிலை 1940களில் நிறுத்தித் தண்டவாளத்தையும் கழற்றினார்கள். இன்று அது இருந்தால் வெள்ளைக்காரன் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவான். 1970களில் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரிப் பாதைக்கும் அதே கதி. ஆட்சி மாறுகிறது, ஆள் மாறுகிறார், கழற்றும் கை மட்டும் மாறவில்லை. கழற்றியதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாதுகாத்தோம் என்பார்கள்!

இனி எங்கும் எதையும் தூக்கிக்கொண்டு போகுமுன் அந்த இடத்து மக்களைக் கேளுங்கள். மருதானைக்கு ஒரு வழி காணுங்கள். கடுகண்ணாவையில் கூலிகளுக்கும் உரிய இடம் கொடுங்கள். எப்படி என்பதை யோசிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்?