வேகம் வாடகைக்கு!

பி.காம். இரண்டாம் வருஷம் எங்களுக்கு அக்கவுன்டன்ஸி எடுத்த வாத்தியார் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ‘டேய், ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆயிடுச்சுன்னு குதிக்காதீங்க. டாலி ஆன கணக்குலதான் பெரிய தப்பு ஒளிஞ்சிக்கிட்டிருக்கும்.’ டெபிட்டும் கிரெடிட்டும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். ஆனால், மாசாமாசம் கொடுத்த வாடகையைச் சொந்த வீடு வாங்கிய கணக்கில் எழுதி வைத்திருப்பான் ஒரு புத்திசாலி. கூட்டல் சரி, கணக்கு தப்பு.

இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வந்தது, ஜவ்வாது மலையில் ஒரு டீக்கடை வாசலில்.

காவலூர் தொலைநோக்கியைப் பார்க்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததால் போன பயணம் அது. கூடவே கிரிக்கெட் பைத்தியமான ஒரு நண்பரும் வந்திருந்தார். ஜமுனாமரத்தூர் பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். எதிரே சரிவான ஒரு பொட்டல். நாலைந்து பையன்கள் டென்னிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்ப் என்ற பெயரில் மூன்று மூங்கில் குச்சிகள். பலா மரத்தடியிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். வெறுங்கால். மேட்டை நோக்கி ஓடி வருகிறான், மூச்சு வாங்கவில்லை. கை சுழன்றதுதான் தெரிந்தது. மூங்கில் குச்சி ஒன்று பின்னால் போய் விழுந்தது. நண்பர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

‘தம்பி, மாவட்ட டீம் செலக்‌ஷனுக்குப் போயிருக்கியா?’ என்று கேட்டேன்.

‘அது எங்க சார் நடக்கும்?’

‘கீழே, டவுன்ல.’

‘கீழ போயிட்டு வந்தா ரெண்டு நாள் கூலி போயிடும் சார். ஷூவெல்லாம் வேற கேப்பாங்க இல்ல?’ என்று சொல்லிவிட்டுப் பந்தைப் பொறுக்கப் போய்விட்டான்.

காரில் ஏறியதும் நண்பரிடம் புலம்பினேன். அவர் அசரவில்லை. ‘நமக்கென்னப்பா குறை? 2023-24 ரஞ்சி சீசன்ல இந்தியாவிலேயே அதிக விக்கெட் எடுத்தது யாரு? நம்ம சாய் கிஷோர். அம்பத்து மூணு விக்கெட்! பவுலிங்ல நாமதான் கிங்கு’ என்றார்.

டாலி ஆகிவிட்டது இல்லையா? இப்போது அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

லீக் ஆட்டங்கள் முடிந்ததும் எல்லாப் பத்திரிகைகளும் ரிப்போர்ட் கார்டு போடும். அந்த சீசனில் தமிழ்நாட்டு பவுலர்களுக்கு நானும் மார்க் போடுகிறேன். ஆர்.சாய் கிஷோர்: நூற்றுக்கு நூறு. கேப்டன் பொறுப்பையும் சுமந்துகொண்டு 53 விக்கெட். இன்னொரு இடது கை சுழல் எஸ்.அஜித் ராம்: அவரும் நாற்பதைத் தாண்டினார். கால் இறுதியில் நடப்பு சாம்பியன் சௌராஷ்டிராவைக் கோயம்புத்தூரில் இன்னிங்ஸ் மற்றும் 33 ரன்னில் உருட்டியபோது சாய் கிஷோர் மட்டும் ஒன்பது விக்கெட். ஏழு வருஷத்துக்குப் பிறகு அரை இறுதி. கைதட்டுவோம்.

இவர்கள் இருவரும் சுழல்பந்து வீச்சாளர்கள். ஆட்டத்தின் முதல் ஓவரை, பளபளக்கும் புதுப் பந்தைக் கையில் வாங்குகிறவர்களின் ரிப்போர்ட் கார்டு எங்கே?

2024 மார்ச் 2. மும்பை பாந்த்ரா-குர்லா வளாக மைதானம். அரை இறுதி. தமிழ்நாடு அணியில் இருந்த முக்கியமான இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் யார்? ஒருவர் குல்தீப் சென், மத்தியப்பிரதேசம் ரேவாக்காரர். இன்னொருவர் சந்தீப் வாரியர், கேரளத்திலிருந்து வந்தவர், முப்பதைத் தாண்டியவர். நம்மூர்க்காரர் எம்.முகமது மிதவேகம். அவருக்கும் முப்பது தாண்டிவிட்டது.

உடனே யாரும் கொடி பிடிக்க வேண்டாம். வெளிமாநிலத்துக்காரர்கள் வந்து ஆடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. போர்டு விதி அனுமதிக்கிறது, அவர்களும் உண்மையாக உழைத்தார்கள். அந்த அரை இறுதியிலேயே ஷர்துல் தாக்கூரை அவுட்டாக்கியது குல்தீப் சென்தான். வாடகைக்கு வீடு எடுப்பது குற்றமில்லை. வாடகை ரசீதை மடித்து வைத்துக்கொண்டு ‘சொந்த வீடு கட்டிட்டோம்’ என்று பால் காய்ச்சுகிறோமே, அதுதான் எனக்குக் குமட்டுகிறது.

அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது? டாஸ் வென்று பேட்டிங். 146-க்கு ஆல் அவுட். பதிலுக்கு மும்பையும் 106 ரன்னுக்கு ஏழு விக்கெட்டை இழந்தது. சாய் கிஷோர் மொத்தம் ஆறு விக்கெட் எடுத்தார், அந்தப் பச்சை பிட்ச்சிலும்! அதற்குப் பிறகு மீதி மூன்று விக்கெட்டுக்கு மும்பை சேர்த்தது எத்தனை தெரியுமா? 272 ரன்! தாக்கூர் 109, கோட்டியான் ஆட்டமிழக்காமல் 89. மூன்றே நாளில் ஆட்டம் முடிந்தது. இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் தோல்வி.

மறுநாள் ஊரெல்லாம் என்ன பேச்சு? டாஸ்! கோச் சுலக்‌ஷன் குல்கர்னி, பவுலிங் எடுத்திருக்க வேண்டும் என்று கேப்டனைப் பகிரங்கமாகக் குறை சொன்னார். கோச் அப்படிப் பேசலாமா என்று தினேஷ் கார்த்திக் கோபப்பட்டார். ஒரு வாரம் பட்டிமன்றம் ஓடியது. 106-க்கு ஏழு என்று திணறிய அணியை 150-க்குள் மூட்டை கட்டி அனுப்ப ஒரு வேகப் பட்டாளத்தை நாம் ஏன் வளர்க்கவில்லை என்று அந்தப் பட்டிமன்றத்தில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நாணயத்தைச் சுண்டிப் போட்டதில் வந்த நஷ்டமா இது? பல வருஷமாகச் சேர்ந்து வந்த நஷ்டம், ஐயா!

‘பல வருஷம்’ என்பதற்கும் கணக்கு தருகிறேன். 1980-க்குப் பிறகு, புதுப் பந்து போடுவதற்காக இந்திய டெஸ்ட் அணிக்குப் போன தமிழ்நாட்டுக்காரர்கள் டி.ஏ.சேகர், பரத் அருண், பாலாஜி, நடராஜன். முறையே இரண்டு, இரண்டு, எட்டு, ஒன்று. ஆக மொத்தம் பதின்மூன்று டெஸ்ட். அஸ்வின் ஒருவர் மட்டும் 106 டெஸ்ட் ஆடி 537 விக்கெட் எடுத்துவிட்டு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். ஒரு கை யானைத் தும்பிக்கை மாதிரி, இன்னொரு கை சூம்பிப்போய்.

கொடுமை என்னவென்றால், இந்தியாவுக்கே வேகம் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் நம்ம சேத்துப்பட்டில்தான் இருக்கிறது. 1987-ல் டென்னிஸ் லில்லியை அழைத்து வந்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன். ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பந்து போட்டுப் பழகினார்கள். ஸ்ரீநாத் மைசூர். ஜாகீர், மகாராஷ்டிரத்தில் ஸ்ரீராம்பூர். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பெரியவர்கள் இரண்டு சமாதானம் சொல்வார்கள். முதலாவது: ‘நம்ம ஊர் வெயிலுக்கு வேகம் சரிப்படாது சார்.’ அப்படியா? நாக்பூர் வெயில் நம்ம வேலூர் வெயிலுக்கு இளைத்ததா? அந்த விதர்பாவில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனான உமேஷ் யாதவ் 57 டெஸ்ட் ஆடி 170 விக்கெட் எடுத்தார். 2017-18 ரஞ்சி இறுதியில் ரஜ்னீஷ் குர்பானி ஹாட்ரிக் போட்டு விதர்பாவுக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2025 பிப்ரவரி கால் இறுதியில் அதே நாக்பூரில் நம்மை 198 ரன்னில் தோற்கடித்துவிட்டுப் போய், அந்த சீசனில் மூன்றாவது கோப்பையையும் தூக்கிக்கொண்டார்கள். நாம் கடைசியாக ரஞ்சிக் கோப்பையைத் தொட்டது 1987-88-ல். அன்று பிறந்த குழந்தைக்கு இன்று தலை நரைக்க ஆரம்பித்திருக்கும்.

இரண்டாவது சமாதானம்: ‘திறமை இருந்தா தானா மேல வரும் சார். நடராஜன் வரலையா?’ வந்தார். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்தவர், சென்னை லீக் வழியாக 2015 ஜனவரியில் ரஞ்சிக்கு வந்தார். வந்த வேகத்தில் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். ஒதுங்கி, திருத்திக்கொண்டு, மறுபடி எழுந்து 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் பந்து போட்டார். அது அவருடைய வைராக்கியம். அதை எடுத்துத் தங்கள் சாதனைப் பட்டியலில் ஒட்டிக்கொள்ள இவர்களுக்கு என்ன உரிமை? ஒருத்தர் சுவரேறிக் குதித்து உள்ளே வந்துவிட்டார் என்பதற்காக, வாசல் திறந்தே இருக்கிறது என்று சொல்வீர்களா?

2024-25 சீசனில் நமக்குக் கிடைத்த நல்ல வேகம் குர்ஜப்னீத் சிங். சௌராஷ்டிராவுக்கு எதிராகக் கோவையில் 22 ரன் கொடுத்து ஆறு விக்கெட். அவர் பஞ்சாபில் பிறந்து, சின்ன வயதிலேயே கிரிக்கெட்டுக்காகச் சென்னைக்கு வந்தவர். வாழ்க! பஞ்சாபிலிருந்து ரயிலேறி வர முடிந்தவருக்கு வாசல் திறந்தது, சந்தோஷம். மலையிலிருந்து பஸ் ஏற ரெண்டு நாள் கூலி கணக்குப் பார்க்கிறவனுக்கு?

அமெரிக்காக்காரன் பேஸ்பாலில் இந்தக் கணக்கு விவகாரத்தை எப்போதோ கவனித்துவிட்டான். அங்கேயும் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்குப் பெயருக்கு எதிரே ‘வெற்றி, தோல்வி’ என்று ஒரு காலம் உண்டு. ரொம்ப வருஷம் அதைப் பார்த்துத்தான் மார்க் போட்டார்கள். பிறகு, சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் பாவம் பிட்சர் என்ன செய்வான் என்று யோசித்தார்கள். 2018-ல் ஜேக்கப் டிகிராம் என்ற பிட்சருக்குப் பத்து வெற்றி, ஒன்பது தோல்விதான். ஆனாலும், அவர் விட்டுக்கொடுத்த ரன்களைக் கணக்கிட்டுப் பார்த்து அந்த வருஷத்தின் உயர்ந்த பிட்சர் விருதான சை யங் விருதை அவருக்கே கொடுத்தார்கள். எந்தக் காலத்தைப் பார்ப்பது என்று தெரிந்தால்தான் கணக்கு பேசும்.

இன்னொன்றும் செய்தார்கள். 2008-ல் ஜே.பி.பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஏஜென்ட், வேகத்தை அளக்கும் கருவியோடு இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகப் போட்டி நடத்தினார். உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு பையன்களைப் பொறுக்கினார். பேஸ்பால் என்றால் என்ன என்றே தெரியாதவர்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. அவர்கள் உச்சிக்குப் போகவில்லை, உண்மைதான். ஆனால், கையில் வேகம் இருக்கிறவனைத் தேடி ஒருத்தன் கடல் தாண்டி வந்தான். நம்ம ஆட்களுக்கு சென்னையில் ராத்திரி வண்டி எடுத்தால் விடியற்காலை டீக்கு ஜவ்வாது மலை.

மலைக்கு யாருமே வருவதில்லையா? வருகிறார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கிறவன் வருகிறான். ஆயிரம் ஆயிரமாகத் தருகிறேன் என்று மரம் வெட்டக் கூட்டிப் போகிறவன் வருகிறான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 பேரில், இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கையில் வலு இருக்கிற இளைஞன் எங்கே இருக்கிறான் என்று செம்மர ஏஜென்ட்டுக்குத் தெரிகிறது. செலக்டருக்குத் தெரியவில்லை. கிரிக்கெட் வந்து இந்த மலையின் வறுமையைத் தீர்த்துவிடும் என்று நான் உளறவில்லை. ஆனால், கூப்பிட வருகிற குரல்களில் ஒன்றாவது நல்ல குரலாக இருக்கக்கூடாதா?

கிரிக்கெட் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று: சீசன் முடிந்ததும் விக்கெட் பட்டியலோடு நிறுத்தாமல், மொத்த ஓவரில் வேகம் போட்டது எத்தனை, புதுப் பந்தில் விழுந்த விக்கெட் எத்தனை, போட்டவர் எந்த மாவட்டம் என்று முழுக் கணக்கையும் வெளியிடுங்கள். இரண்டு: வேகம் அளக்கும் கருவியை ஒரு ஜீப்பில் வைத்து, வருஷத்துக்கு ஒரு தரம் ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்கு அனுப்புங்கள். ஷூ வேண்டாம், வெள்ளை உடை வேண்டாம், ஆறு பந்து போடச் சொல்லுங்கள். மூன்று: தேறியவனைக் கீழே கூப்பிட்டால் பஸ் காசு, சாப்பாடு, இழந்த கூலி மூன்றையும் கொடுத்துக் கூப்பிடுங்கள். இது தர்மம் அல்ல, முதலீடு. என் வாத்தியார் பாஷையில் சொன்னால், கேப்பிட்டல் எக்ஸ்பெண்டிச்சர்.

அன்று ராத்திரி காவலூரில் வானம் கறுப்பு மை மாதிரி இருந்தது. இந்தியாவில் நல்ல வானம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்த விஞ்ஞானி வைணு பாப்பு, 1960-களில் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பமானது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் உலகம் கண்டுபிடித்தபோது அதில் காவலூருக்கும் பங்கு இருந்தது. 1986-ல் இங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

மகள் கேட்டாள்: ‘ஏம்பா, இதை மெட்ராஸ்லயே வச்சிருக்கலாம் இல்ல?’

‘அங்க வெளிச்சம் ஜாஸ்திம்மா. நட்சத்திரம் தெரியாது’ என்றேன்.