பிழை ஓரிடம், பழி ஓரிடம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமாம்! சி மொழியில் நிரல் எழுதப் பழகும் தோழியர் இப்பழமொழியின் பொருளை முதல் நாளிலேயே உணர்வர்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது இம்மொழி. நாம் எழுதும் நிரலைக் கணிப்பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். 5-ஆம் வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், டர்போ சி போன்ற பழைய கம்பைலர்கள் 6-ஆம் வரியில் பிழை என்கின்றன. ஏன்? கம்பைலருக்கு வரி முடிவது ஒரு பொருட்டன்று. அரைப்புள்ளியைத் தேடி அடுத்த வரிக்குள் சென்று, பொருந்தாத சொல்லைக் கண்ட இடத்தில்தான் அது நிற்கிறது. நடுவில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தாலோ, பெரும்பாலும் கடைசி வரியின் மீது பழி விழும்! ஒரே பிழைக்குப் பத்துச் செய்திகள் வருவதும் உண்டு.

இதைக் கண்டு, “என் மூளைக்கு இது எட்டாது” என்று ஒதுங்கும் மாணவியர் உண்டு. குறை அவர்களிடம் அன்று; செய்தியின் சொற்களில் உள்ளது. “இங்கே பிழை” என்னாமல், “இங்கே எனக்குப் புரியவில்லை” என்று அது கூறினால் யார் அஞ்சுவர்? இது முடியாத செயலும் அன்று. 2018-இல் வெளிவந்த ஜி.சி.சி. 8-ஆம் பதிப்பு, விடுபட்ட அரைப்புள்ளியை உரிய வரியின் முடிவிலேயே சுட்டிக்காட்டியது.

எல்லாச் செய்திகளும் திருந்தும் வரை, முதல் பாடத்திலேயே இவ்வுண்மையைக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. தோழியரே, முதல் செய்தியை மட்டும் எடுங்கள். சுட்டிய வரிக்கு மேலேயும் பாருங்கள். திருத்திவிட்டு மீண்டும் முயலுங்கள். அஞ்சி விலகுவதைவிட ஆராய்ந்து அறிவதே அழகு!