கேள்வி கேட்பவர் பகைவரல்லர்

நாத்திகர் கிறிஸ்தவத்தைக் குறை சொன்னால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. ஆனால் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்தே தேவாலயம் கட்டினார்களே! உள்ளே நின்ற தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதைச் செய்தவர் கவுசானல் என்ற பாதிரியார் என்பதை நாத்திகரும் மறக்கக் கூடாது. மதம் மாறியும் சாதி போகவில்லையே என்று பெரியார் கேட்டது, விசுவாசிகளே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கடவுளை மறுத்த அவர்தான் சைவ மடாதிபதியான குன்றக்குடி அடிகளாரோடு கடைசிவரை நட்புப் பாராட்டினார். எங்கள் அருவங்காடு வெடிமருந்து ஆலையிலும் அப்படித்தான்: ஜெபம் செய்துவிட்டு வருபவரும் கடவுளை மறுப்பவரும் ஒரே ஷிப்டில் நிற்கலாம். ஒருவர் கவனம் பிசகினால் மற்றவர் உயிருக்கு ஆபத்து. இப்படி உயிரையே ஒப்படைக்கிறவர்கள், சாமியைப் பற்றிக் கேண்டீனில் மனம்விட்டு வாதாடட்டும். கோள் சொல்லவோ முகம் திருப்பவோ வேண்டாம்.