நெபுலைசரில் தைலம் விடாதீர்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளையை வளர்க்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். நானும் அப்படியொரு பிள்ளைக்குத் தாய் என்பதால் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நம் முறைக்காகக் காத்திருக்கும்போது நாம் பேசிக்கொள்வதில் பாதியைக்கூட டாக்டரிடம் சொல்வதில்லை. நெஞ்சில் என்ன தடவுகிறோம், வெந்நீரில் எதைச் சொட்டுகிறோம், யார் சொல்லி எந்த எசென்ஷியல் ஆயிலை வரவழைத்தோம் என்பதெல்லாம் அந்த பெஞ்சோடு நின்றுவிடுகிறது. கேட்டால், "இயற்கையானதுதானே, இதைப் போய் டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்கிறோம். சொல்லத்தான் வேண்டும்.

அப்படி ஒரு பேச்சின் நடுவில்தான் ஒரு தாய் தன் மகனின் நெபுலைசர் கப்பைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மூடியைத் திறந்ததுமே யூகலிப்டஸ் நெடி. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் வெளுத்து மங்கிக் கிடந்தது. அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். தினமும் சலைனோடு இரண்டு சொட்டு நீலகிரித் தைலமும் விடுகிறாராம். "சளி நல்லா இளகுது" என்றார். பிளாஸ்டிக்கை இந்தப் பாடு படுத்தும் எண்ணெய் பிள்ளையின் மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

நெபுலைசர் மருந்தை நுண்துளிகளாக்கி நுரையீரலின் ஆழம்வரை கொண்டுசேர்க்கும் கருவி. அதற்கென்றே தயாரித்த, கிருமி நீக்கிய மருந்து மட்டுமே அதில் போகலாம். தைலம் அப்படித் தயாரித்ததல்ல. மூச்சுக்குழாயை அது எரிச்சலூட்டிச் சுருங்கவைக்கும். கடையில் விற்கும் பல பாட்டில்களில் வேறு கொழுப்பெண்ணெயும் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குள் போனால் எளிதில் வெளியேறாது. அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். இது புதுச் செய்தியும் அல்ல. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு எண்ணெயால் வந்த நிமோனியாவைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை இன்னும் விடாத வீடுகள் உண்டு. நம் பிள்ளை இருக்கும் வீட்டில் அது இன்றோடு நிற்கட்டும்.

நம் பிள்ளைகளின் சளி மற்ற பிள்ளைகளின் சளி அல்ல. 1989-ல் கண்டுபிடித்த அந்த ஒற்றை மரபணுவில் கோளாறு. அதனால் உப்பும் நீரும் செல்களின் வழியே சரியாகப் போய்வருவதில்லை. வியர்வை உப்பாகக் கரிக்கிறது. சளி நீரின்றி வறண்டு பசையாகிறது. ஹைபர்டோனிக் சலைன் தருகிறார்களே, அந்த உப்புநீர் செய்யும் வேலை, மூச்சுக்குழாய்க்குள் நீரை இழுத்து அந்தப் பசையை இளக்குவது. இளகியதை வெளியே கொண்டுவருவது பிசியோதெரபி. அந்தத் தாய் தைலத்துக்குக் கொடுத்த பெயர் சலைனுக்குச் சேர வேண்டியது.

அப்படியானால் தைலம் வைத்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறதே? மென்தால் போன்றவை மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றன. காற்று தாராளமாகப் போவதாக மூளை நினைக்கிறது. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. நெஞ்சில் தடவும் களிம்பு ஒன்றை ஃபெரட் என்ற சிறு விலங்கிடம் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். சளி கூடியிருந்தது, சளியை மேலே தள்ளும் வேகமும் குறைந்திருந்தது. விலங்கில் கண்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சளியை வெளியேற்றுவதே பெரும்பாடாக இருக்கும் பிள்ளையிடம் அந்த ஆபத்தை ஏன் வலியப் போய் வாங்க வேண்டும்?

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறொன்றில். "இன்னிக்கு ஆவி பிடிச்சிட்டான், நல்லா மூச்சு விடுறான், பிசியோ நாளைக்குப் பாத்துக்கலாம்." இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! பிள்ளை அழுகிறான், நமக்கும் இடுப்பு ஒடிகிறது, தெரியும். ஆனால் அந்த ஒரு இரவின் சளி உள்ளேயே தங்கும்; அதில்தான் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறும். ஆவி பிடிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளின் கதை தனி. தைல வாசத்தைத் தூவ மேசையில் வைத்திருக்கும் டிஃப்யூசரையும் திறந்து பாருங்கள். நேற்றைய தண்ணீர் தேங்கி நிற்கும். சூடோமோனாஸுக்குத் தேங்கிய தண்ணீரைப் போல வேறென்ன வேண்டும்? அந்த நீரைத்தான் காற்றில் தூவி பிள்ளைக்குச் சுவாசிக்கக் கொடுக்கிறோம். தலைக்கு ஊற்றிவிட்டுக் காட்டும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம், பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சித் தேய்ப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். அமெரிக்காவில் கடையில் விற்கும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. அடுப்படியில் நாம் நொறுக்கிப் போடும் கட்டிக்கு என்ன அளவு? கற்பூரம், யூகலிப்டஸ் தைலங்களால் வலிப்பு வருவதைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு டீஸ்பூன் யூகலிப்டஸ் தைலம் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. தப்பித் தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் ஏறிவிடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்தத் தைலங்களை ஏன் தேடுகிறோம் என்பது எனக்குத் தெரியாததல்ல. காசநோய் என்றும் ஆஸ்துமா என்றும் சொல்லச் சொல்லக் கேட்டு அலைந்து, கடைசியில் நோயின் பெயர் தெரிந்தவர்கள் நம்மில் பலர். இந்த நோய்க்கென 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துகளின் கூட்டு மாத்திரைக்கு அங்கே வைத்த விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அது நம் கைக்கு எட்டாதபோது, ஊட்டிக் கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாட்டிலில் மனம் போய் ஒட்டிக்கொள்கிறது. தட்டில் வளர்த்த கிருமியை எண்ணெய் கொன்றது என்று எங்காவது படித்தால் நம்பிக்கை பொங்குகிறது. தட்டில் கொல்லும் அளவு எண்ணெயைப் பிள்ளையின் நுரையீரல் தாங்காது என்பதை அந்தச் செய்தியோடு யாரும் எழுதுவதில்லை.

வாசனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைக்கு லாவெண்டர் வாசம் பிடித்திருக்கிறதா? டாக்டரைக் கேட்டுவிட்டு, பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அறையின் மறுகோடியில் கொஞ்ச நேரம் வையுங்கள். இருமலோ இழுப்போ தெரிந்தால் அப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். முகத்தில், மூக்கருகில், மார்பில் தடவுவது வேண்டாம். வாய்வழி எதுவுமே கூடாது. பிள்ளை சாப்பிடும் மாத்திரைகளோடு அது எப்படிச் சேரும் என்று நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் மூன்றையும் அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுங்கள்.

அடுத்த தடவை மருத்துவரைப் பார்க்கக் கிளம்பும்போது என்சைம் மாத்திரை, சலைன், ஃபைல் எல்லாவற்றோடும் அந்தத் தைலப் பாட்டிலையும் நெபுலைசர் கப்பையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மேசைமேல் வைத்து, "இதைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.