‘தெரியும்’ என்று எழுதும் முன்



வேலை கேட்டு வரும் ஆங்கில விண்ணப்பங்களில் ஒரு சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது: ‘காக்னிசன்ட்’. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் போய்வருகிறவர்களுக்கு அது ஒரு கம்பெனியின் பெயர். 1994-ல் சென்னையில் தொடங்கி, பிறகு இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட நிறுவனம். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் சொல்லையே கற்றிருப்பார்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

அகராதியைப் புரட்டினால் ‘அறிந்திருக்கிற’ என்றுதான் போட்டிருக்கும். அதற்கு ‘அவேர்’ இருக்கிறதே! மாலையில் மழை வரும் என்பது தெரிந்ததற்கெல்லாம் ‘காக்னிசன்ட்’ போடுவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது போல. மயக்க மருந்து தெளிந்து கண் விழித்த நோயாளிக்கும் இந்தச் சொல் ஆகாது, அவர் ‘கான்ஷியஸ்’.

இலக்கணம் சுலபம். பின்னால் ‘அபௌட்’ வராது, ‘ஆஃப்’ வரும். ‘தட்’ போட்டு ஒரு முழு வாக்கியத்தைத் தொங்கவிடுவதைவிட, அந்த இடத்தில் ‘அவேர் தட்’ என்று எழுதிவிடுவது கண்ணுக்கும் காதுக்கும் நல்லது. எஸ் போட்டும் எழுதலாம், இசட் போட்டும் எழுதலாம். ஒரே கடிதத்தில் இரண்டும் வேண்டாம்.

இந்தச் சொல்லின் எடை தெரிய வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே இதன் உறவுச் சொல் ஒன்று உண்டு: ‘காக்னிசபிள்’. அந்த வகைக் குற்றம் என்றால் போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், யாரையும் கேட்காமல் புலன்விசாரணையைத் தொடங்கலாம். கொலை, கொள்ளை எல்லாம் இந்த வகை. அவதூறு அப்படியல்ல, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் காவல் நிலையம் விசாரணையில் இறங்க முடியாது. ‘ஸ்டேஷனுக்குப் போனேன், எஃப்.ஐ.ஆர். போடவில்லை’ என்று அலுத்துக்கொள்பவர்களில் சிலருடைய சிக்கல் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

மாஜிஸ்திரேட்டுக்கும் இதே கதைதான். ஒரு குற்றம் நடந்ததாக அவர் காலைப் பேப்பரில் படித்திருக்கலாம். அதனால் ‘காக்னிசன்ஸ்’ எடுத்தார் என்று ஆகிவிடாது. புகாரை ‘விசாரித்துச் சொல்லுங்கள்’ என்று போலீசுக்கு அனுப்பினாலும் ஆகாது. அதைப் படித்து, யோசித்து, ‘இதை மேற்கொண்டு நடத்தலாம்’ என்று முடிவு செய்யும்போதுதான் ஆகும். இந்த அதிகாரம் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 190-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 210 ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் வக்கீல்களின் பேச்சில் சொல் அப்படியே நிற்கிறது. தெரிந்துகொண்டேன், இனி இது என் பொறுப்பு என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம்.

கோர்ட்டில் ஒட்டிய அந்தப் பொறுப்பின் வாசனை சாதாரணக் கடிதத்திலும் போவதில்லை. ஓர் அடுக்ககத்தின் மேல்தளம் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்போர் எழுதிய புகாருக்கு, கட்டியவர்களிடமிருந்து ‘ஒழுகலைக் குறித்து நாங்கள் காக்னிசன்ட்’ என்று அழகாகப் பதில் வருகிறது. எழுதியவர் மரியாதைக்காக எழுதியிருப்பார். நாளைக்கு வழக்கென்று வந்தால் வக்கீல் முதலில் சிவப்பு மையால் கோடிடுவது அந்த வரியைத்தான்: ‘தெரிந்திருந்தும் என்ன செய்தீர்கள்?’

விண்ணப்பத்துக்கு வருவோம். ‘உங்கள் நிறுவனத்தின் பெருமைகள் குறித்து நான் காக்னிசன்ட்’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை, அடித்துவிடலாம். ‘இந்த வேலையில் இரவு ஷிஃப்ட் உண்டு, மாதம் பத்து நாள் வெளியூர் போக வேண்டும் என்பதை அறிந்தே விண்ணப்பிக்கிறேன்’ என்று ஒருவர் எழுதினால், அங்கே அந்தச் சொல் ஜம்மென்று உட்காரும். நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்று வேலை கொடுப்பவருக்கும் புரியும்.

ஆபீஸ் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் சர் எர்னஸ்ட் கோவர்ஸ் எழுதிய ‘பிளெயின் வேர்ட்ஸ்’ கிடைத்தால் படித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடுதாசி மொழியைத் திருத்துவதற்காக, அந்நாட்டு நிதித்துறை கேட்டுக்கொண்டு எழுதி, 1948-ல் வந்த புத்தகம். அந்த மொழியை நமக்குப் பழக்கிவிட்டுப் போனவர்களே அதற்கு வைத்தியம் தேடியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்!

உங்களுக்கு வரும் கடிதங்களில் இப்படி உறுத்தும் சொல் ஏதாவது இருந்தால், அந்த வரியோடு எழுதி அனுப்புங்கள். பெயர், முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்